ஊதியம் பெற்றுக்கொண்டே டாக்டர் பட்டம்



நம் தோட்டப்புறங்களில் 'டாக்டர்' என்ற சொல்லைக் கேட்டதும் ஊசியும் மருந்துமே நினைவுக்கு வரும். தோட்டத்து மருத்துவமனை, அதில் வெள்ளைச் சட்டை அணிந்த டிரஸர், எப்போதாவது காரில் வந்து இறங்கும் டாக்டர் என்று பழகிவிட்ட மக்கள் நாம். ஆனால் வாழ்நாளில் ஒருமுறைகூட ஊசியைத் தொடாத டாக்டர்களும் உலகில் பல இலட்சம் பேர் இருக்கிறார்கள். எவரும் அதுவரை அறியாத ஒன்றைத் தம் ஆராய்ச்சியால் கண்டறிந்து, அதை அறிஞர் அவையில் மெய்ப்பித்துக் காட்டியவர்கள் அவர்கள். அந்த உழைப்புக்குப் பல்கலைக்கழகம் தரும் மிக உயர்ந்த பட்டமும் டாக்டர் பட்டம்தான்.

அறிவியலிலும் பொறியியலிலும் இந்தப் பட்டத்தை ஜெர்மனி நாட்டில் எவ்வாறு பெறலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

"பால்மரமும் செம்பனையும் நம்பி வாழும் நமக்கு இந்தப் பேச்சு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். காரணம் உண்டு. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் அகரம் எழுதிய பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகங்களில் வேதியியலும் இயந்திரவியலும் மின்னியலும் பயில்கிறார்கள். முதுகலைப் பட்டம் வரை சென்றவர்களும் உண்டு. அப்படி ஒரு பிள்ளை, "அப்பா, இன்னும் மேலே படிக்க வேண்டும்" என்று கேட்கும்போது வீட்டில் எழுகின்ற முதல் கேள்வி ஒன்றுதான்: "இன்னும் படிப்பா? யார் பணம் கட்டுவது?"

அந்தக் கேள்வியில் தவறில்லை. அதிகாலையில் எழுந்து பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, வெயிலிலும் மழையிலும் உழைத்துச் சேர்த்த பணத்தை எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஜெர்மனியைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கு நாம் எதிர்பாராத ஒரு விடை இருக்கிறது. அங்கே அறிவியல், பொறியியல் துறைகளில் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வு செய்பவர் பெரும்பாலும் கட்டணம் செலுத்தும் மாணவர் அல்லர்; மாதச் சம்பளம் வாங்கும் பல்கலைக்கழக ஊழியர். இந்த ஒரு செய்தி தெரியாத காரணத்தால், தகுதியுள்ள பிள்ளையின் பயணம் வீட்டு வாசலிலேயே நின்றுவிடக்கூடும். ஆகவேதான் இதனைப் பெற்றோர்களும் அறிந்திருக்க வேண்டும் என்கிறோம்.

நேயர்களே, ஜெர்மனியின் ஆராய்ச்சிக்கும் நம் தோட்டத்து மண்ணுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. மரங்களுக்கு நாம் உரம் போடுகிறோம். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று மூட்டையில் எழுதியிருக்கிறது. செடிகள் மண்ணிலிருந்து இத்தகைய தாதுச் சத்துகளை எடுத்துக்கொண்டு வளர்கின்றன என்னும் கருத்தை 1840-ஆம் ஆண்டில் நூலாக எழுதி உலகெங்கும் பரப்பியவர் யுஸ்டுஸ் லீபிக் என்னும் ஜெர்மானிய வேதியியலார். வண்ணப் பொருள் வியாபாரி ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், 1824-இல் தம்முடைய 21-ஆம் வயதில் கீசன் என்னும் சிறிய நகரின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். மாணவர்களை வெறும் பாடம் கேட்க வைக்காமல், ஆய்வுக்கூடத்தில் நிறுத்தித் தாமே சோதனை செய்யப் பழக்கினார். பேராசிரியரின் கண்காணிப்பில் மாணவர் சொந்தமாக ஆராய்ச்சி செய்யும் முறை பிற நாடுகளுக்குப் பரவ அந்த ஆய்வுக்கூடம் பெருங்காரணமாயிற்று.

இன்னொரு செய்தியையும் கேளுங்கள். பால்மரத்தைச் சீவி, வடிந்த பாலைத் திராவகம் ஊற்றி உறையவைத்தால் இழுக்க இழுக்க நீளும் ரப்பர் கிடைக்கிறது. அது ஏன் நீள்கிறது? ஏன் மீண்டும் சுருங்குகிறது? ரப்பர் என்பது ஆயிரக்கணக்கான சிறு மூலக்கூறுகள் சங்கிலிபோல் கோத்த நெடிய மூலக்கூறு என்று ஹெர்மன் ஸ்டவுடிங்கர் என்னும் ஜெர்மானியர் 1920-இல் எழுதினார். பெரிய பெரிய வேதியியலார்கள் அதை ஏற்க மறுத்தார்கள். அவர் விடவில்லை, பின்னர் ஃபிரைபுர்க் பல்கலைக்கழகத்தில் தம் மாணவர்களோடு ஆண்டுக்கணக்கில் உழைத்து அதனை நிலைநாட்டினார். 1953-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் பாட்டன்மார் வாளியில் சுமந்த பாலின் உட்பொருளைத் தெரிந்துகொள்ள, எங்கோ ஒரு குளிர் நாட்டில் இளைஞர்கள் டாக்டர் பட்டத்துக்காக இரவுபகல் உழைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் நம் பிள்ளைகளும் நிற்கக்கூடாதா?

இன்றும் அந்த ஆய்வு நின்றுவிடவில்லை. ஹனோவர் நகரில் ரப்பர் தொழில்நுட்பத்துக்கென்றே தனி ஆய்வு நிலையம் இருக்கிறது. டேன்டிலியன் என்னும் மஞ்சள் பூச்செடியின் ஒரு வகை, தன் வேரில் பால் வைத்திருக்கிறது. அதிலிருந்து ரப்பர் எடுக்க முடியுமா என்று மூன்ஸ்டர் நகரின் ஆய்வாளர்களும் ஒரு டயர் நிறுவனமும் சேர்ந்து உழைத்து, 2019-இல் அந்த ரப்பரால் மிதிவண்டி டயரே செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். நம் நாட்டில் 1925-இல் தொடங்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 'ஆர்.ஆர்.ஐ.எம். 600' போன்ற மரவகைகளைத் தந்ததைத் தோட்டத்தார் அறிவார்கள். அதுபோன்ற பணிதான் இதுவும்.

இனி, அந்த ஆய்வுப் பதவி என்பது என்ன என்று பார்ப்போம்.

ஜெர்மனியில் டாக்டர் பட்டத்துக்கு நாடு முழுமைக்கும் பொதுவான நுழைவுத் தேர்வு இல்லை. வழிகாட்டப்போகும் பேராசிரியரே பெரும்பாலும் தமக்குரிய ஆய்வாளரைத் தேர்ந்தெடுக்கிறார். அந்தப் பேராசிரியரை அவர்கள் மொழியில் 'டோக்டர்ஃபாட்டர்' என்பார்கள். 'டாக்டர் பட்டத்துக்குத் தந்தை' என்று பொருள். பெண் பேராசிரியரானால் 'டோக்டர்முட்டர்', அதாவது தாய். குருவைத் தாய் தந்தையாகக் கருதுவது நம் வழக்கம் மட்டுமன்று என்பது இதனால் விளங்குகிறது.

பேராசிரியர் தம் ஆய்வுத் திட்டத்துக்கு நிதி பெற்றதும், ஆள் தேவை என்று விளம்பரம் செய்கிறார். தேர்வு பெறுபவருக்குப் பல்கலைக்கழகம் வேலை ஒப்பந்தம் கொடுக்கிறது. அவர் ஆய்வு செய்கிறார். சில இடங்களில் இளநிலை மாணவர்களுக்குப் பயிற்சி வகுப்பும் நடத்துகிறார். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் தம் முடிவுகளை ஆய்வேடாக எழுதி, தேர்வாளர்கள் முன் நின்று வாதிட்டுப் பட்டம் பெறுகிறார். அறிவியலில் பெறும் பட்டம் இயற்கை அறிவியல் டாக்டர் எனப்படும். பொறியியலில் பெறுவது பொறியியல் டாக்டர். பிரஷ்யாவின் தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு இப்பட்டம் வழங்கும் உரிமை 1899-இல் கிடைத்தது.

இதைத் தவிர வேறு வழிகளும் உண்டு. பல மாணவர்கள் ஒரே குழுவாகச் சேர்ந்து, வகுப்புகளோடு ஆய்வு செய்யும் பட்டதாரிப் பள்ளிகள் இருக்கின்றன. மாக்ஸ் பிளாங்க், ஃபிரவுன்ஹோஃபர், ஹெல்ம்ஹோல்ட்ஸ், லைப்னிட்ஸ் என்னும் பெயர்களில் இயங்கும் பெரிய ஆய்வு நிலையங்களிலும் இடம் கிடைக்கும். அந்நிலையங்களில் ஆய்வு செய்தாலும் பட்டத்தை வழங்குவது ஒரு பல்கலைக்கழகம்தான் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்தது சம்பளம். தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இது எளிதில் புரியும். நம் நாட்டில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் முதலாளிமார் தரப்போடு பேசிக் கூட்டு ஒப்பந்தம் செய்வதில்லையா? அதுபோலவே ஜெர்மன் மாநிலங்களின் அரசு ஊழியர்களுக்கும் தொழிற்சங்கங்கள் பேசி முடித்த கூட்டு ஒப்பந்தம் ஒன்று 2006 முதல் நடப்பில் இருக்கிறது. ஹெஸ்ஸன் மாநிலத்துக்கு மட்டும் தனி ஒப்பந்தம். டாக்டர் பட்ட ஆய்வாளரின் சம்பளம் அந்த அட்டவணையில் 'இ 13' என்னும் படியில் வருகிறது. ஆகவே சம்பளம் பேராசிரியரின் விருப்பத்தைப் பொறுத்ததன்று. அச்சிட்ட அட்டவணையில் எவரும் பார்த்துக்கொள்ளலாம்.

2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த அட்டவணைப்படி, இந்தப் படியில் புதிதாகச் சேரும் முழுநேர ஊழியருக்கு மாதம் 4,600 யூரோவுக்குச் சற்று அதிகம். ஆனால் இங்கே கவனம் வேண்டும். விளம்பரத்தில் 'இ 13, 67 விழுக்காடு' என்று போட்டிருந்தால், அந்தத் தொகையில் மூன்றில் இரண்டு பங்குதான் சம்பளம். அதாவது ஏறத்தாழ 3,100 யூரோ. அதிலும் வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியக் காப்பீடு, வேலையின்மைக் காப்பீடு எல்லாம் பிடித்துக்கொள்வார்கள். நம் சம்பளச் சீட்டில் சேமநிதியும் சொக்சோவும் கழிவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாளுக்குக் கையில் வருவது 2,000 யூரோவுக்குச் சற்று மேல் இருக்கும். பொறியியலில் முழுநேரப் பதவிகள் மிகுதி. இயற்பியல், வேதியியல், உயிரியல் துறைகளில் பாதி அல்லது மூன்றில் இரண்டு பங்குப் பதவிகளே மிகுதி.

இதில் வாழ முடியுமா? வெளிநாட்டு மாணவர் ஒருவரின் வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 992 யூரோ தேவை என்று 2024 செப்டம்பர் முதல் ஜெர்மன் அரசு கணக்கிட்டிருக்கிறது. மியூனிக் போன்ற நகரங்களில் வாடகையே மிக அதிகம். சிறு நகரங்களில் குறைவு. சிக்கனமாக இருப்பவர் வாழலாம். சிறிது சேமிக்கவும் செய்யலாம். ஆண்டுக்கு 30 நாள் விடுமுறை உண்டு. நோயுற்றால் ஆறு வாரம் வரை சம்பளம் நிற்காது. டாக்டர் பட்டத்துக்குக் கல்விக் கட்டணம் பொதுவாக இல்லை. அரையாண்டுக்கு ஒருமுறை செலுத்தும் சிறு தொகைதான் உண்டு.

இனிப்பை மட்டும் சொல்லிக் கசப்பை மறைப்பது ஆசிரியர் வேலை ஆகாது. மூன்றில் இரண்டு பங்குச் சம்பளம் என்றாலும், பலர் முழு நாளும் உழைக்கிறார்கள். ஒப்பந்தங்கள் காலவரையறை உள்ளவை. பட்டம் பெறுவதற்கு முன் இத்தகைய ஒப்பந்தங்களில் ஆறு ஆண்டுகள் வரை வேலை செய்யலாம் என்பது 2007-ஆம் ஆண்டுச் சட்டம். குறுகிய ஒப்பந்தங்களை எதிர்த்து 2021-இல் ஜெர்மனியின் இளம் ஆய்வாளர்கள் பெருந்திரளாகக் குரல் கொடுத்தார்கள். பட்டம் பெற்றவுடன் பல்கலைக்கழகத்தில் நிரந்தர வேலை கிடைத்துவிடும் என்றும் எண்ணக்கூடாது. பலர் தொழிற்சாலைகளுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் செல்கிறார்கள். இவற்றையெல்லாம் அறிந்தே முடிவு செய்ய வேண்டும்.

யார் விண்ணப்பிக்கலாம்? முதுகலைப் பட்டம் பொதுவாகத் தேவை. நம் நாட்டு நான்காண்டுப் பொறியியல் இளங்கலை மட்டும் பெரும்பாலும் போதாது. மிகச் சிறந்த மதிப்பெண் பெற்றவர்களுக்குச் சில இடங்களில் தனிவழி உண்டு. நம் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு அங்கே என்ன மதிப்பு என்பதை 'அனாபின்' என்னும் ஜெர்மன் பட்டியலில் பார்க்கலாம்.

முதுகலையையே அங்கே படிக்க விரும்புவோருக்கும் ஒரு சொல். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவரிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-இல் கட்டணம் தொடங்கியது. முதுகலை மாணவர் சம்பளம் பெறுபவர் அல்லர் என்பதால், ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோ கைவசம் இருப்பதையும் காட்ட வேண்டியிருக்கும். டாக்டர் பட்ட வேலை ஒப்பந்தம் வைத்திருப்பவருக்கு இந்தச் சுமை இல்லை, சம்பளமே சான்று.

பதவி விளம்பரங்களை எங்கே தேடுவது? ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் இணையத் தளத்திலும் வெளியாகும். 'யூராக்செஸ்' என்னும் ஐரோப்பிய ஒன்றியத் தளத்திலும் பார்க்கலாம். 1925-இல் தொடங்கிய ஜெர்மன் கல்விப் பரிமாற்ற நிலையம், அதாவது டி.ஏ.ஏ.டி., உதவித்தொகைகளைப் பற்றியும் வழிகாட்டுகிறது. உதவித்தொகை வேறு, சம்பளம் வேறு. உதவித்தொகை பெறுபவர் ஊழியர் அல்லர். அவருக்குக் கூட்டு ஒப்பந்தச் சலுகைகள் பொருந்தா.

விண்ணப்பத்தில் என்ன இருக்க வேண்டும்? இந்த ஆய்வில் ஏன் ஈடுபாடு என்பதை விளக்கும் ஒரு பக்கக் கடிதம், தன்விவரக் குறிப்பு, பட்டச் சான்றிதழ்கள், மதிப்பெண் பட்டியல், முதுகலை ஆய்வேட்டின் சுருக்கம், நம்மை அறிந்த இரண்டு பேராசிரியர்களின் பெயர் ஆகியவை வேண்டும். ஒரே கடிதத்தை எழுதி நூறு பேராசிரியர்களுக்கு அனுப்புவதில் பயனில்லை. பெயரை மட்டும் மாற்றிய கடிதம் என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். பத்துப் பேராசிரியர்களின் கட்டுரைகளைப் படித்து, அவர்கள் செய்யும் வேலையைப் புரிந்துகொண்டு பத்துக் கடிதங்கள் எழுதுவது மேல். மறுப்பு வரும்; பதிலே வராமலும் போகும். மனம் தளரக்கூடாது. 'அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்' அல்லவா?

கடிதம் பிடித்திருந்தால் கணினி வழியாக நேர்காணல் நடக்கும். ஆய்வுக்கூடங்களில் ஆங்கிலம் பெருவழக்கு. பல இடங்களில் ஆய்வேட்டையும் ஆங்கிலத்தில் எழுதலாம். ஆனால் கடைக்குப் போகவும், வீடு தேடவும், மருத்துவரைப் பார்க்கவும் ஜெர்மன் மொழி வேண்டும். கோலாலம்பூரிலுள்ள கோத்தே நிலையத்தில் அம்மொழி கற்பிக்கிறார்கள். தமிழும் மலாயும் ஆங்கிலமும் அறிந்த நம் பிள்ளைகளுக்கு நான்காவது மொழி மலையன்று.

இடம் உறுதியானதும் விசா வாங்க வேண்டும். மலேசியக் கடப்பிதழ் உடையவர் சுற்றுலாவுக்கு விசா இல்லாமல் 90 நாள் போய்வரலாம். வேலைக்கு அது செல்லாது. ஒப்பந்தத்தைப் பெற்று, கோலாலம்பூரிலுள்ள ஜெர்மன் தூதரகத்தில் விசா வாங்கிய பின்னரே புறப்பட வேண்டும். இதற்கான கட்டணம் 75 யூரோ.

பெற்றோர்களே, இதை நன்றாகக் கேளுங்கள். பல்கலைக்கழகம் தன் ஊழியருக்குச் சம்பளம் கொடுக்குமே தவிர, வேலை கொடுப்பதற்குப் பணம் கேட்காது. "ஜெர்மனியில் டாக்டர் பட்ட இடம் வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்" என்று எந்த ஏஜெண்டு வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அதற்காக நகையை அடகு வைக்காதீர்கள். சேமநிதிப் பணத்தைத் தொடாதீர்கள்.

உண்மையில் ஆகும் முதற்செலவு வேறு. விமானச் சீட்டு, குளிருடை, வீட்டு முன்பணம் ஆகியவற்றை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டு முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகை வரை போகலாம். சம்பளமோ மாதக் கடைசியில்தான் வரும். ஆகவே இரண்டு மூன்று மாதங்களுக்குத் தாங்கும் தொகை கையில் வேண்டும். பி.டி.பி.டி.என். கடன் பாக்கி இருந்தால், அதைத் திருப்பிச் செலுத்தும் ஏற்பாட்டையும் புறப்படும் முன்பே முடித்துவிடுவது நல்லது. முதல் ஆண்டில் பிள்ளை வீட்டுக்குப் பணம் அனுப்பும் என்று கணக்குப் போடாதீர்கள். தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று கணக்குப் போடுங்கள், அதுவே பெரிது.

"பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா?" என்று தயங்குவோரும் உண்டு. எம்மி நோதர் என்னும் கணித மேதை 1907-இல் எர்லாங்கனில் டாக்டர் பட்டம் பெற்றார். பெண் என்பதால் பல ஆண்டுகள் சம்பளம் இல்லாமலே அங்கு பணி செய்தார். இன்று அவர் பெயராலேயே இளம் ஆய்வாளர்களுக்கு நிதி வழங்கும் திட்டம் அந்நாட்டில் நடக்கிறது. 2005 முதல் 2021 வரை ஜெர்மனியை ஆண்ட அங்கெலா மெர்க்கெல் அம்மையார், 1986-இல் அறிவியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு ஒரு சம்பளம் என்று அந்த அட்டவணையில் இல்லை. மகப்பேற்றுக்கு முன் ஆறு வாரமும் பின் எட்டு வாரமும் சட்டப்படி பாதுகாப்பு உண்டு.

குளிரும் தனிமையும் உண்மைதான். டிசம்பர் மாதத்தில் பெர்லினில் பிற்பகல் 4 மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். அங்கே நண்பகல் 12 என்றால் இங்கே இரவு 7 மணி. ஆகவே இரவு உணவு முடித்துப் பிள்ளையோடு பேச நேரம் இருக்கிறது. தமிழ்க் குரல் கேட்காத நாடும் அன்று அது. ஹாம் என்னும் நகரில் இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்மன் கோயில் கோபுரத்தோடு நிற்கிறது. 2002-இல் அங்குக் குடமுழுக்கு நடந்தது.

பட்டத்துக்கு நேர்மை மிக முக்கியம். பிறர் எழுத்தைத் தம் எழுத்தாகக் காட்டியதால் 2011-இல் ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சர் டாக்டர் பட்டத்தையும் பதவியையும் இழந்தார். 2013-இல் கல்வி அமைச்சருக்கும் அதே நிலை நேர்ந்தது. அமைச்சரானாலும் விலக்கில்லை என்றால், அந்தப் பட்டத்தின் மதிப்பு என்ன என்பது விளங்கும். உழைத்துப் பெற்றவர்களுக்கோ தனி மகிழ்ச்சி. கோட்டிங்கன் நகரில் புதிதாகப் பட்டம் பெற்றவரை நண்பர்கள் ஊர்வலமாக அழைத்து வருவார்கள். அவர் சந்தைத் திடலிலுள்ள நீரூற்றின்மேல் ஏறி, வாத்துக்காரச் சிறுமியின் சிலைக்கு முத்தம் கொடுத்து மலர் சூட்டுவார். பேரறிஞர்கள் வாழ்ந்த ஊரில், டாக்டர்கள் தேடிப் போவது வாத்து மேய்க்கும் ஏழைப் பெண்ணின் சிலையை!

இளைஞர்களே, இந்தப் பாதை எல்லாருக்கும் உரியதன்று. ஒரே சோதனை இருபது முறை தோற்றாலும் இருபத்தொன்றாம் முறை செய்து பார்க்கும் பொறுமை உள்ளவர்களுக்கே இது பொருந்தும். படிவம் ஐந்தில் இருப்பவர்கள் இப்போதே கணிதத்தையும் அறிவியலையும் விடாமல் பற்றிக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் உங்கள் பேராசிரியரிடம் சென்று ஆய்வுக்கூடத்தில் வேலை கேளுங்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஒருநாள் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டி, "ஜெர்மனியில் ஆய்வுப் பதவி கிடைத்திருக்கிறது" என்று சொன்னால், "எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று கேட்காதீர்கள். "எத்தனை விழுக்காட்டுப் பதவி? எத்தனை ஆண்டு ஒப்பந்தம்? பட்டம் தரும் பல்கலைக்கழகம் எது?" என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் தெளிவான விடை அந்தத் தாளில் இருந்தால், பயணப் பெட்டியை எடுத்துக் கொடுங்கள்.